குடிக்காத குழாய்

கொட்டாவியின் நெற்றி வாசல் நிலையில் இடித்த சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்க வேண்டும்.

"குனிஞ்சு வாங்க சார்னு சொல்லத்தான் வாயெடுத்தேன்" என்றாள் அளவுக்காரரின் மனைவி, பதறிப்போய். "அதுக்குள்ள..."

"பரவாயில்லம்மா. தலைதானே."

"உடையற மாதிரி உள்ள ஒண்ணும் இல்லக்கா, கவலைப்படாதீங்க" என்றான் பின்னால் வந்த சில்லறை.

தலை நரைக்கும் வரை துப்பறிந்து கொட்டாவி சம்பாதித்தது அந்தப் பட்டப்பெயர் ஒன்றைத்தான். மற்றவர்களுக்குத் தூக்கம் வந்தால் கொட்டாவி வரும். இவருக்கு யோசனை வந்தால் வரும். கூட வந்தவன் அவருடைய மனைவியின் தம்பி. முன்நெற்றி ஏறத் தொடங்கிய வயது. போகிற இடமெல்லாம் பேச்சை இறைத்துவிட்டு வருவதால் சில்லறை என்று பெயர். அவனை வேலைக்கு வைத்துக்கொள்ள ஊரில் யாரும் தயாராக இல்லாததால் மாமா வைத்துக்கொண்டிருந்தார். வைத்துக்கொண்டார் என்பதைவிட, மாட்டிக்கொண்டார் என்பதே சரி.

நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கொட்டாவி அந்த நிலையைப் பார்த்தார். மனிதர்கள் நுழைவதற்கென்று கட்டிய வாசல்தான். ஆனால் இப்போது நுழைய வேண்டுமானால் பாதி மனிதனாக இருக்க வேண்டும். கதவின் அடிப்பக்கத்தை ரம்பத்தால் அறுத்திருந்தார்கள்.

"மாமா, வாசல் இறங்கிடுச்சா, இல்ல இந்த வயசுல நீங்க வளர்றீங்களா?"

"தரைதான் தம்பி ஏறிடுச்சு" என்றாள் அவள். அடுப்படி வாசலைக் காட்டினாள். அங்கே படி உடைந்திருந்த இடத்தில் தரையின் அடுக்குகள் தெரிந்தன. "கீழ ஈரம் ஊறி ஊறி வருது. மேல மேல போட்டுட்டே இருக்கோம். அடியில பாருங்க, சிவப்பு. மொத தடவை ஆசையா சிவப்பு கலந்து போட்டேன். பாலிஷ் போட்டு முகம் பாக்கற மாதிரி இருந்துச்சு. இந்தத் தெருவுலயே எங்க வீட்டுல மட்டுந்தான் சிவப்புத் தரை. அதுக்கு மேல வெறும் சிமெண்டு. அதுக்கும் மேல உடைஞ்ச செங்கல்லும் சிமெண்டும். அப்புறம் ஆசைக்கு எங்க சார் போறது."

அவள் தையல்காரி. தையல் மெஷினை நான்கு செங்கல் மேல் ஏற்றி வைத்திருந்தாள். சுவரில் இடுப்புயரத்துக்கு உப்பு பூத்திருந்தது. அதற்கு மேலே, முட்டைகளை வாயில் கவ்விக்கொண்டு எறும்புகள் சாரை சாரையாகக் கூரையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. எறும்புக்குத் தெரிந்த செய்தி நீர்த்தேக்க அலுவலகத்துக்குத் தெரியவில்லை. அதுதான் இந்த வழக்கு.

முந்தின நாள் அவள் வந்து அழாமல் சொன்ன கதை சுருக்கமானது. மேட்டில் இருக்கும் நீர்த்தேக்கத்தின் சுவரை நகரத்தின் தாகத்துக்காக உயர்த்துகிறார்கள். முதல் கட்டம் முடிந்து, புது மட்டத்துக்குத் தண்ணீரும் நிரம்பிவிட்டது. இரண்டாம் கட்டம் உயர்த்தலாமா என்று இன்று மதியம் முடிவு. சுவருக்குக் கீழே இருக்கும் இந்தப் பள்ளத்தெருவில் நிலத்தடித் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்க்க மூன்று குழாய்களை மண்ணில் இறக்கியிருந்தார்கள். வாரா வாரம் நாடா விட்டு அளப்பது அவள் கணவருடைய வேலை. தண்ணீர் ஒரு முழம் ஏறினால் மதகைத் திறந்து ஏரியைக் குறைத்தே ஆக வேண்டும் என்பது விதி. ஏறவில்லை. ஆரம்பத்தில் ஒரு சாண் ஏறியது. பிறகு நின்றுவிட்டது. எல்லோருக்கும் நிம்மதி.

போன வாரம் பக்கத்து வீட்டுப் பால்காரர் மேல் அவர் வீட்டுச் சுவரே விழுந்தது. அடிவாரம் ஊறி, ஊறவைத்த ரொட்டி மாதிரி பிட்டுக்கொண்டு விழுந்தது. முதுகெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அலுவலகம் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தது: குழாய் பொய் சொல்லாது, அளந்தவன்தான் வீட்டில் உட்கார்ந்து இஷ்டத்துக்கு எழுதியிருக்கிறான். மதிய விசாரணையில் அவர் பதில் சொல்ல வேண்டும். இல்லையென்றால் வேலையும் போகும், மனிதனையும் போலீஸ் கொண்டுபோகும்.

அவரோ வாயைத் திறக்கவில்லை.

"ஊர்ல இருக்கிற கடிகாரத்தையெல்லாம் திருத்தற மனுஷன் சார். நான் அரை அங்குலம் தப்பா வெட்டினாக்கூட கண்டுபிடிச்சிடுவாரு. பொய்யா எழுத அவருக்கு வராது. ஆனா சுவரு விழுந்த மறுநாள்லேர்ந்து ஒரு வார்த்தை பேசல. சாப்பிடறதும் இல்ல. யாரோ அந்தக் குழாயில கைய வச்சிருக்காங்க. அவன் யாருன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க. என் புருஷன் ஜெயிலுக்குப் போகக்கூடாது. அவ்ளோதான்."

"கண்டுபிடிச்சா?" என்றார் கொட்டாவி.

"எல்லார் முன்னாடியும் நிக்க வச்சு ஒரு கேள்வி கேக்கணும். பால்காரர் பொண்டாட்டி முகத்தைப் பாக்க முடியுமாடான்னு."

கொட்டாவிக்கு எழுந்திருக்கவே அலுப்பாக இருந்தது. இந்த மாதிரி வழக்குகளில் கெட்டவனைப் பிடித்தாலும் தண்ணீர் இறங்கப் போவதில்லை. நகரத்தில் அவர் வீட்டுக் குழாயில் காலையில் வந்த தண்ணீரும் இந்த ஏரித் தண்ணீர்தான். அதில் பல் விளக்கிவிட்டுத்தான் வந்திருந்தார்.

முதல் குழாய் பால்காரர் வீட்டுக்குப் பின்னால் இருந்தது. வழியெல்லாம் மரங்கள் மழைக்காலத்தில் மஞ்சள் இலை உதிர்த்துக்கொண்டிருந்தன.

"தண்ணி இல்லாம காயற மரத்தைப் பாத்திருக்கேன். தண்ணி குடிச்சே காயறதை இப்பதான் பாக்கறேன்" என்றான் சில்லறை. "டீக்கடையில விசாரிச்சேன் மாமா. ஏரிக்கரை மேய்ச்சல் நிலமெல்லாம் உள்ள போயிடுச்சாம். பால்காரர் மாட்டுக்குத் தீவனம் லாரியில வருது. மொத வருஷம் மீன் அள்ள முடியாம அள்ளினாங்களாம். அப்புறம் முங்கின மரமெல்லாம் உள்ளேயே அழுகி, மீனு தானா மிதந்து வந்து 'என்னை எடுத்துக்கோ'ன்னுச்சாம். எடுக்கத்தான் ஆளில்ல, அவ்வளவு நாத்தம். இந்தத் தெருக் கிணத்துத் தண்ணியில சோப்பு நுரைக்க மாட்டேங்குது. கிணறு வெட்ட பூதம் கிளம்பின கதைதான்."

"பேசிக்கிட்டே அந்த வாளியை எடு."

குழாய் தரைக்கு மேல் முழங்கால் உயரம் நின்றது. கை நுழையும் அகலம். மூடி, பூட்டு. அளவுக்காரர் வீட்டு ஆணியில் தொங்கிய சாவியையும், அவருடைய நாடாவையும் குறிப்பேட்டையும் வாங்கி வந்திருந்தார்கள். "இன்னொரு சாவி யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டதற்கு, "இன்ஜினியர்கிட்ட" என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள்.

கொட்டாவி மூடியைத் திறந்தார். நாடாவை இறக்கினார். அதன் நுனியில் குட்டி மணி மாதிரி ஒரு இரும்புக் குண்டு. தண்ணீரைத் தொட்டதும் 'ப்ளக்' என்றது. அளவுக்காரர் எழுதி வந்த அதே அளவு. நூல் பிசகவில்லை.

"மனுஷன் யோக்கியன்தான்" என்றான் சில்லறை, கொஞ்சம் ஏமாற்றமாக.

"ஊத்து."

"எங்க?"

"குழாய்க்குள்ள. ஒரு வாளி."

சில்லறை ஊற்றினான். தண்ணீர் குழாயில் சட்டென்று உயர்ந்து விளிம்புக்குப் பக்கத்தில் வந்து நின்றது. கொட்டாவி குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சில்லறை பக்கத்துச் சுவர் இடிபாட்டின் மேல் உட்கார்ந்து பபிள்கம் மென்றான். பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு பூனை வந்து இவர்களைப் பார்த்தது. பார்க்க ஒன்றுமில்லை என்று போய்விட்டது. தண்ணீர் நின்ற இடத்திலேயே நின்றது.

"என்ன மாமா பாக்கறோம்?"

"குழாய் அடியில சல்லடை மாதிரி ஓட்டை இருக்கும். மண்ணுல தண்ணி ஏறினா குழாயில ஏறும். நாம மேல ஊத்தினா மண்ணு இழுத்துக்கும். உயிருள்ள குழாய் குடிக்கும்டா. இது குடிக்கல."

சில்லறை மெல்வதை நிறுத்தினான். "அப்ப இது குழாய் இல்ல. சொம்பு."

"சொம்புதான். சொம்புல இருக்கிற தண்ணியத்தான் அந்த மனுஷன் வாரா வாரம் ஒழுங்கா அளந்து எழுதியிருக்கார்."

அடைப்பு என்னவென்று பார்க்க வேண்டும். பால்காரர் வீட்டில் பாதிச் சுவர் இன்னும் நின்றது. அதில் முகம் மழிக்கும் கண்ணாடி ஒன்று அப்படியே மாட்டியிருந்தது. சில்லறை அதைக் கழற்றிவந்தான். ஊற்றியதை நாடாவில் கட்டிய துணியால் உறிஞ்சி எடுக்கலாமா என்று அவன் ஆராய்ச்சியில் இறங்க, "வேண்டாம், தண்ணி தெளிவாத்தான் இருக்கு" என்றார் கொட்டாவி. அதுவே ஒரு செய்தி. மண்ணோடு பேசும் தண்ணீர் கலங்கலாக இருக்கும். சில்லறை வெயிலைக் கண்ணாடியில் வாங்கிக் குழாய்க்குள் திருப்பினான். வெளிச்சம் நேராகக் கீழே போய் விழுந்தது.

வட்டமாக, வழவழப்பாக, நல்ல சிவப்பாக ஒரு அடித்தளம் தெரிந்தது.

"அட! கீழ யாரோ வீடு கட்டித் தரை போட்டிருக்காங்க மாமா."

கொட்டாவிக்குக் கொட்டாவி வந்தது. தாடை கழன்றுவிடும் போல் வந்தது. சில்லறை நிமிர்ந்து பார்த்தான். மாமா எதையோ பிடித்துவிட்டார் என்று தெரிந்தது. ஆனால் முகத்தில் பிடித்த சந்தோஷம் இல்லை.

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்ல. மத்த ரெண்டையும் பாப்போம்."

மற்ற இரண்டும் குடிக்கவில்லை. இரண்டின் அடியிலும் அதே சிவப்பு.

"இன்ஜினியர்தான்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டான் சில்லறை, மேடேறும்போது. "அந்த ஆள் ஆபீஸ் வாசல்ல நடைபாதை பூரா சிவப்பு சிமெண்டு. வரும்போதே பாத்தேன். சாவியும் அவன்கிட்ட இருக்கு. சுவர் உயர்ந்தா பேர் யாருக்கு? அவனுக்கு. முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கிறான்."

அது இன்ஜினியராகவே இருக்கட்டும் என்று கொட்டாவி ஆசைப்பட்டார். இத்தனை வருஷத் தொழிலில் ஒரு சந்தேகம் பொய்யாகப் போக வேண்டும் என்று அவர் இப்படி வேண்டிக்கொண்டதில்லை.

இன்ஜினியர் சுறுசுறுப்பான மனிதர். மேசையில் உயர்த்திய அணையின் சின்ன மாதிரி ஒன்று, நீலச் சாயம் பூசிய ஏரியோடு.

"பள்ளத்தெருக் குழாயா? பிரமாதமா வேலை செய்யுது சார். ஒரு சாண் ஏறிச்சு, நின்னுடுச்சு. மண்ணு சமநிலைக்கு வந்துடுச்சு. நகரத்துல எத்தனை வீட்டுக்குத் தண்ணி போகுது தெரியுமா? ஒரு சுவர் விழுந்ததுக்காக அதையெல்லாம் நிறுத்த முடியுமா?"

"நீங்க போய்ப் பாத்தீங்களா?"

"அதுக்குத்தான் ஆள் போட்டிருக்கோம்."

"உங்ககிட்ட ஒரு சாவி இருக்காமே."

"இதோ." இழுப்பறையைத் துழாவி எடுத்துக் கொடுத்தார். கொட்டாவி அதைத் தன் கையில் இருந்த சாவியோடு சேர்த்துப் பிடித்தார். இரண்டுக்கும் பற்கள் ஒத்துப்போகவில்லை. இன்ஜினியரின் சாவியில் கடைக்காரர் பூசிய கிரீஸ் கூட அழியாமல் கெட்டியாக இருந்தது.

"பழைய பூட்டெல்லாம் துருப்பிடிச்சு, முதல் மழைக்காலத்துலயே மாத்திட்டாங்க சார். புதுச் சாவி அளவுக்காரர்கிட்ட மட்டும்தான். உங்களுக்குச் சொல்லலையா?" என்றார் பக்கத்து மேசைக் குமாஸ்தா.

இன்ஜினியர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சொல்லியிருப்பாங்க... நினைவில்ல."

வெளியே வந்ததும் சில்லறை சிவப்பு நடைபாதையில் காலை உதைத்தான். "சே! குற்றவாளியா இருக்கக்கூட லாயக்கில்லாத ஆளு! ஒருதடவை கூட அந்தப் பூட்டைத் தொட்டதில்ல."

"அது அவர் தப்பு. ஆனா நாம தேடற தப்பு அது இல்ல."

"அப்ப ஒரே ஒரு சாவிதான் மிச்சம். ஆணியில தொங்கினது." சொல்லிவிட்டு அவன் நின்றான். சில்லறைக்கும் மெதுவாகச் சிவப்பு உறைத்தது. அடுப்படிப் படி, உடைந்த இடம், அடியில் ஆசையாகப் போட்ட முதல் அடுக்கு. "மாமா... அளவுக்காரரேவா?"

"அவருக்கு முட்டி வலி. வீட்டுல மருந்து வாசனை அடிச்சுது, கவனிச்சியா? சிமெண்டு வாளியைத் தூக்கிட்டுப் போய் குழாயில ஊத்தினது வேற யாரா இருக்கும்னு யோசி."

சில்லறை பபிள்கம்மைத் துப்பினான்.

விசாரணை அறைக்கு வெளியே மர பெஞ்சில் அளவுக்காரர் உட்கார்ந்திருந்தார். சலவைச் சட்டை, மேல் பொத்தான் வரை போட்டிருந்தார். மனைவி இன்னும் வந்து சேரவில்லை. கொட்டாவி பக்கத்தில் போய் உட்கார்ந்து, யாருக்கும் கேட்காதபடி சொன்னார்.

"சுவர் விழுந்த அன்னைக்கு நீங்களும் ஒரு வாளி ஊத்திப் பாத்தீங்க."

அளவுக்காரர் திரும்பவில்லை.

"குழாய் குடிக்கல. ஊத்தின தண்ணிய உறிஞ்சி எடுத்துட்டு உள்ள வெளிச்சம் காட்டிப் பாத்தீங்க. சிவப்பைப் பாத்தீங்க. மறுநாள்லேர்ந்து பேசறதில்ல."

அளவுக்காரர் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். பல நாள் உபயோகிக்காத குரல் வந்தது.

"நாடாக் குண்டு சேத்துல மாட்டிக்கிட்டு வராது சார். ரெண்டு குண்டு போச்சு. ஆபீசுல திட்டினாங்க. வீட்டுல போய்ப் புலம்பினேன். அப்புறம் ஒரு நாள்லேர்ந்து குண்டு சுத்தமா வந்துச்சு. சேறு தானா அடங்கிடுச்சுன்னு நெனச்சேன். அவகிட்டயே போய் சொன்னேன், இப்பல்லாம் எவ்ளோ சுத்தமா வருது பாருன்னு. அவ சிரிச்சா. எதுக்குச் சிரிச்சான்னு கேக்கல."

"அதனாலதான் குழாய் அடைஞ்சுதுன்னு அவங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது. கலக்கின சிமெண்டு மிஞ்சியிருக்கும். வீணாக்க மனசு வராது அவளுக்கு. சேத்துக்கு மேல ஒரு தரை போட்டா எனக்கு நல்லதுன்னு ஊத்தியிருப்பா. ஓட்டை இருக்கிறதே அடியிலதான்னு அவளுக்கு யார் சொன்னா? நான் சொல்லல." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பால்காரர் பொண்டாட்டியும் அவளும் கூடப்பிறந்தவங்க மாதிரி. இது தெரிஞ்சா அவ தாங்க மாட்டா சார். நான் பொய் எழுதினேன்னே இருக்கட்டும். விட்டுடுங்க."

"என்னைக் கூப்பிட்டதே அவங்கதான்."

"தெரியும். வேணாம்னு சொல்ல வாயைத் திறந்தா, ஏன்னு கேப்பா. அதான் திறக்கல."

கொட்டாவி எழுந்து ஜன்னல் பக்கம் போனார். சில்லறை பின்னாலேயே வந்து முணுமுணுத்தான். "மாமா, இன்ஜினியர் தலையில கட்டிடுவோம். அந்த ஆளுக்குப் பூட்டு மாத்தினதே தெரியாது. ரெண்டு சாவி இருந்துச்சுன்னு சொன்னா போதும், மீதியை ஊரே சொல்லிடும். புண்ணியமாப் போகும்."

"செய்யாததுக்கு ஒருத்தன் மாட்டக்கூடாதுன்னுதான் காலையிலேர்ந்து அலையறோம்."

"அது நல்ல மனுஷனுக்காக அலைஞ்சது."

"அப்படிப் பிரிச்சுப் பாக்க ஆரம்பிச்சா நான் வேற தொழிலுக்குத்தான் போகணும்டா. உன்னையும் கூட்டிக்கிட்டு எங்க போவேன்?"

விசாரணை அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்தார். இன்ஜினியர் ஒரு பக்கம், அளவுக்காரர் ஒரு பக்கம். கடைசி வரிசையில் பள்ளத்தெரு ஆட்கள், பால்காரரின் மனைவி. அவள் கையைப் பிடித்துக்கொண்டு தையல்காரி.

கொட்டாவி தெரிந்ததில் பாதியைச் சொன்னார். மூன்று குழாயும் அடியில் சிமெண்டால் அடைபட்டிருக்கிறது. அளவுக்காரர் எழுதியது பொய்யில்லை. யாரும் வந்து ஒரு வாளி ஊற்றிப் பார்க்கலாம். உண்மையான அளவு வேண்டுமென்றால் குழாயை விட்டுவிட்டுத் தெருவில் உள்ள வாசல்களை அளக்கலாம். "நான் தலையால அளந்து பாத்துட்டேன் ஐயா" என்று நெற்றி வீக்கத்தைக் காட்டினார். "ஒவ்வொரு வீட்டுலயும் தரை ஏறியிருக்கு. தண்ணி ஏறாம யாரும் தன் வீட்டுத் தரைய மேல மேல ஏத்திக்க மாட்டாங்க."

"யார் அடைச்சது?" என்றார் அதிகாரி.

"அதைச் சொல்ல எனக்கு அவசியம் வரலை."

"எனக்கு வந்திருக்கு. வேணும்னே அடைச்சது யாருன்னு தெரியாம இவரை விட முடியாது. சாவி இவர் வீட்டுல."

கடைசி வரிசையில் தையல்காரி எழுந்துவிட்டாள். "சொல்லுங்க சார்! எதுக்கு மறைக்கிறீங்க? பெரிய ஆளுன்னு பயமா? இந்த அக்கா புருஷன் படுத்த படுக்கையா கெடக்கறாரு. என் வீட்டுக்காரரு இங்க நிக்கறாரு. எவன் அந்தக் குழாயில சிமெண்ட ஊத்தினவன்?"

கொட்டாவி தரையைப் பார்த்தார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு கணவர் முகத்தைப் பார்த்தாள். அளவுக்காரர் வேகமாக முன்னால் வந்தார், முட்டி இடற.

"நான்தான் ஐயா ஊத்தினேன். என் கையாலதான். எழுதிக்குங்க."

பல நாள் கழித்து அவர் பேசிய முதல் பேச்சை அவள் கேட்டாள். பொய் சொல்ல வராத மனிதனின் பொய் எப்படி இருக்கும் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். பிடித்திருந்த கையை விட்டாள்.

"சிமெண்டு... என்ன கலரு?" என்றாள்.

யாரும் சொல்லவில்லை. சில்லறை கூடச் சொல்லவில்லை. அதிலேயே அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

தையல்காரி நாற்காலிகளைத் தாண்டி முன்னால் வந்தாள். அழவில்லை. "அவரு இல்லைங்கய்யா. நான்தான். அடுப்படியில ஈரம் ஏறுதுன்னு தரை போட்டேன். மிஞ்சினதைக் கரைச்சு அந்த மூணு குழாயிலயும் ஊத்தினேன். இவரு குண்டு சேத்துல மாட்டாம இருக்கட்டும்னு ஊத்தினேன். அது... அது அடைச்சுக்கும்னு..." மூச்சு வாங்கினாள். "அவரை விட்டுடுங்க. ஆனா நான் சொல்றதையும் எழுதுங்க. என் அடுப்படிக்குத் தண்ணி வந்துச்சு. வந்ததாலதான் நான் சிமெண்டு கலக்கினேன். அதை எழுதுங்க."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்தார். இரண்டாம் கட்டம் ஒத்திவைக்கப்படுகிறது என்றார். புதுக் குழாய்கள் இறக்கப்படும், அளவுக்காரர் மேல் நடவடிக்கை இல்லை, குழாய்களை ஒருமுறையும் நேரில் பார்க்காததற்கு இன்ஜினியர் விளக்கம் தர வேண்டும். அந்த அம்மா விஷயத்தில் குற்ற நோக்கம் எதுவும் தனக்குத் தெரியவில்லை என்று சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் தாழ்ந்தது.

"ஏற்கெனவே ஏறின தண்ணி?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"அதுக்கு வேற கமிட்டி போடணும்."

கூட்டம் கலைந்தது. வழக்கில் ஜெயித்தவர்கள் இவ்வளவு தளர்ந்து வெளியே வந்ததைக் கொட்டாவி பார்த்ததில்லை. பால்காரரின் மனைவி யாருக்கும் காத்திருக்காமல் முதலில் இறங்கிப் போய்விட்டாள். தையல்காரி படியில் நின்று, தெரு வளைவில் அவள் முதுகு மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அளவுக்காரர் நொண்டிக்கொண்டே வந்து பக்கத்தில் நின்றார். "உன்னை யாரு பேசச் சொன்னது?"

"நீங்க பேசின லட்சணத்தைப் பாத்துட்டு நான் எப்படிச் சும்மா இருக்கறது?"

சில்லறை வண்டி பிடித்துத் தருவதாகச் சொன்னான். அவள் தலையசைத்து மறுத்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கொட்டாவியிடம் வந்தாள். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று திட்டப் போகிறாள் என்று அவர் நினைத்தார். திட்டினால் நன்றாயிருக்கும் என்றும் தோன்றியது.

"ஆஸ்பத்திரியில பாக்கறதுக்கு எத்தனை மணி வரைக்கும் விடுவாங்க சார்?"

"சாயங்காலம் வரைக்கும். இன்னைக்கே போகணுமாம்மா? அந்தம்மாவும் அங்கதான் இருப்பாங்க. கோபத்துல ஏதாவது..."

"கேக்கட்டும். நான்தான் ஊத்தினேன்னு மத்தவங்க வாயால பால்காரருக்குப் போய்ச் சேரக் கூடாது."

அவள் படியிறங்கி நடந்தாள். அளவுக்காரர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கத் தொடங்கினார்.

"முட்டி வலிக்கும். நீங்க வீட்டுக்குப் போங்க" என்றாள் அவள், திரும்பாமல்.

"நீ மெதுவா நட" என்றார் அவர். "ஓட்டை அடியில இருக்குன்னு சொல்லாதவன் நான்தான்."